ஒரே தயிர் முட்டி, ஒன்பது வகுப்பு

கேள்வி (சுருக்கித் தருகிறேன்): மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் கற்பிக்கிறேன். நான் கலைப் பட்டதாரி. ஆசிரியர் பற்றாக்குறையால் 3, 4ஆம் தரங்களின் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் 6 முதல் 8 வரையான விஞ்ஞானமும் என் தலையில் வந்திருக்கின்றன. பாடசாலை வளவுக்குள்ளேயே முன்பள்ளியும் இருக்கிறது. முன்பள்ளியிலிருந்து 8ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து சனிக்கிழமை காலையில் விஞ்ஞானம் செய்யச் சொல்கிறார் அதிபர். ஆய்வுகூடம் இல்லை. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று கிழமைக்கு ஒன்றாகப் பிரிக்கலாமா? நாலு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே இடத்தில் எதைச் சொல்வது? பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறேன், பெற்றோர் 'நோட்ஸ் எங்கே' என்று கேட்கிறார்கள்.

அன்புள்ள மகளுக்கு,

மகள் என்று எழுதுவதைக் குறை நினைக்கமாட்டீர்கள்தானே. வகுப்பறையில் கற்பித்து, பிறகு விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகத் திரிந்து ஓய்வுபெற்றவள் நான், குருமண்வெளிப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கிற மிதவைப் படகை இங்கே பாதை என்போம்) ஏறி வாவியைக் கடந்து உங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் எத்தனையோ தரம் வந்திருக்கிறேன், உங்கள் வயது ரீச்சர்மாரெல்லாம் எனக்கு மகள்மார்தான்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பிரிக்க வேண்டாம். நம் நாட்டில் 11ஆம் தரம் வரைக்கும் விஞ்ஞானம் ஒரே பாடம், அது மூன்றாக உடைவது உயர்தரத்தில்தான். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ஒன்றிணைந்த விஞ்ஞானம் என்று 6ஆம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வந்தது. ஆனால் அந்த 'ஒன்றிணைந்த' என்ற சொல்லை நம்மில் பலர் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டோம், மூன்று பாடத்திலும் கரண்டி கரண்டியாக அள்ளி ஒரு கொப்பிக்குள் போடுவது என்று. அப்படியில்லை. பொருள் முதலில் வரவேண்டும், பாடத்தின் பெயர் பிறகு வந்தால் போதும். உங்கள் கரையின் பெயரையே பாருங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை, நடுவில் வாவி. இந்தப் பெயரை வைத்த மனிதர் வானத்தையும் தண்ணீரையும் தரையையும் தனித்தனிப் பாடவேளையில் படித்தவர் இல்லை.

நான் இதைப் பிந்தித்தான் படித்தேன். கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், 7ஆம் வகுப்புக்கு ஆவியாதல் பாடத்தை வரைவிலக்கணத்தோடு எழுதிக்கொடுத்தேன், தவணைப் பரீட்சையில் எல்லாருக்கும் நல்ல புள்ளி. அடுத்த கிழமை விடுதிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சேலையைக் காட்டி, இதிலிருந்த தண்ணீர் இப்ப எங்கே என்று கேட்டேன். வகுப்பில் முதலாம் பிள்ளை எழும்பி, 'துணி குடிச்சிட்டு ரீச்சர்' என்றாள். கொப்பியில் ஒன்று இருந்தது, மனதில் வேறொன்று இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, அவள் நினைத்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் எருமை இருக்கிறது, பால் இருக்கிறது, தயிர் போடுகிற மண் முட்டி இருக்கிறது. கொழும்பில் இருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நிற்பாட்டி வாங்கிக்கொண்டு போகிற தயிர் அது. அதையே எடுங்கள், ஒரு மாதத்துக்கு வேறொன்றும் வேண்டாம். இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் ஒரே முட்டி, ஆனால் ஒவ்வொரு வயதுக்கும் வேறு கேள்வி.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ஒரு சட்டியில் பால், ஒரு சட்டியில் தயிர், இரண்டையும் தொட்டு, மணந்து, சரித்துப் பார்க்கட்டும். கரண்டியை நட்டால் எதில் நிற்கிறது? எது ஓடுகிறது, எது ஓடாமல் இருக்கிறது? அந்த வயதில் விஞ்ஞானம் என்பது சொற்களைச் சேர்ப்பது: இறுகல், வழுவழுப்பு, புளிப்பு, இளஞ்சூடு. 'பற்றீரியா' என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அழகாகத் திருப்பிச் சொல்லும், பெற்றோரும் சந்தோசப்படுவார்கள், ஆனால் அது வெறும் ஒலிதான். உயரமான கிளாசிலிருந்து அகலச் சட்டிக்குப் பாலை மாற்றினால் 'குறைஞ்சிட்டு' என்றும் சொல்லுவார்கள். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே பற்றிப் பயிற்சியில் படித்திருப்பீர்கள், அவர் காட்டிய அதே விசயம்தான் இது. திருத்தப் போகாதீர்கள். திருப்பி ஊற்றிக் காட்டுங்கள், அவர்களும் பத்துத் தரம் ஊற்றட்டும், மிச்சத்தை வயது பார்த்துக்கொள்ளும்.

ஒரு முன்பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். முதல்நாள் பின்னேரம் பிள்ளைகளின் கண்முன்னே உறை போட்டு மூடிவைத்தோம். காலையில் திறந்தபோது ஒரு பொடியன், 'பால் இரவு நித்திரை கொண்டு இறுகிட்டு' என்றான். பக்கத்தில் நின்ற ரீச்சர் சிரித்துவிட்டு, இல்லை மகன், அது உறை போட்டதால என்று சொல்ல வாயெடுத்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏனென்றால் அது ஒரு கருதுகோள். பார்த்த இரண்டு விசயத்தை, இரவு போனதையும் பால் இறுகியதையும், அவன் தானாகவே முடிச்சுப்போட்டிருக்கிறான். 'அப்ப இன்றைக்கு உறை போடாத பாலையும் நித்திரை கொள்ள வைப்போமா?' என்று கேட்டேன். ஐந்து வயதுக்குள் அந்தப் பொடியன் ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனை செய்துவிட்டான், அதற்குப் பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது.

3, 4, 5ஆம் தரப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது ஒரேயொரு பழக்கம்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரே பால், ஒரே அளவு உறை, மூன்று கோப்பை. ஒன்றில் கொதித்து இறக்கிய உடனே உறை, ஒன்றில் கைபொறுக்கும் சூட்டில், ஒன்றில் நன்றாக ஆறிய பிறகு. அடுத்த தரம் சூட்டை மாற்றாமல் உறையின் அளவை மாற்றலாம். எது முதலில் இறுகும் என்று முன்கூட்டியே சொல்லவைத்து, ஒவ்வொருவரும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இதை விடாதீர்கள். முன்னுக்குச் சொல்லிவைத்தால்தான் பிள்ளைக்கு அடுத்தநாள் காலை வரைக்கும் இருப்புக்கொள்ளாது, சொன்னது பிழைத்தால்தான் ஏன் என்ற கேள்வி தானாக வரும். அம்மம்மா விரலை விட்டுப் பார்த்து உறை போடுகிற சூடு ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் என்பதை அப்புறம் சொல்லுங்கள், வெப்பமானி கிடைத்தால் அளந்தே பார்க்கலாம். (காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி உதவாது, அது உடம்புச் சூட்டை ஒட்டிய அளவுகளை மட்டும்தான் காட்டும்.)

6, 7, 8ஆம் தரத்துக்கு வரும்போது அதே முட்டி வேறொரு முட்டியாகிவிடும். செவ்வரத்தம்பூ இதழைச் சுடுநீரில் போட்டால் ஊதா நிறச் சாறு கிடைக்கும். அதில் தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவக்கும், வெற்றிலை வட்டாவில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து விட்டால் பச்சையாகும். அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டுகிற பாசிச்சாயத்தாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தேசிக்காய் அமிலம், சுண்ணாம்பு காரம். தயிரின் மேலே நிற்கிற தெளிந்த நீரில் கொஞ்சம் எடுத்து அந்தச் சாறில் விடச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாலின் பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் எண் குறையும்) 6.7 அளவில் இருந்து கீழே இறங்கி 4.6ஐ நெருங்கும்போது பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் திரள்கிறது. அமிலத்தைச் செய்தது யார்? உறையோடு போன பற்றீரியா, பாலிலுள்ள லக்ரோசு என்ற வெல்லத்தைத் தின்று இலக்ரிக் அமிலத்தை விடுகிறது. கொதிக்கிற பாலில் போட்ட உறை ஏன் வேலை செய்யவில்லை என்ற நாலாம் தரத்துப் பிள்ளையின் கேள்விக்கு இப்போது எட்டாம் தரத்து அண்ணன் பதில் சொல்லலாம், சொல்ல விடுங்கள்.

அப்புறம் இதையும் கேளுங்கள். தேசிக்காய் பிழிந்தாலும் பால் திரளும், அதுவும் அமிலம்தான், ஆனால் ஏன் அது தயிர் மாதிரி ஒரே கட்டியாக நிற்காமல் திரிதிரியாகப் பிரிந்து தண்ணீர் விடுகிறது? நான் கேட்ட வகுப்புகளில் பிள்ளைகள் இதில் அரைமணித்தியாலம் வாதாடியிருக்கிறார்கள். அமிலம் ஒரேயடியாக வந்தால் புரதம் அங்கங்கே சுருண்டுவிடும், பாலின் ஒவ்வொரு துளிக்குள்ளும் மெதுமெதுவாக இரவு முழுக்க வந்தால் வலை பின்னினமாதிரி எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிக்கி நிற்கும். எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் வரும், பசுப்பாலில் 4ஐ ஒட்டியது, நம் தயிர் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் முட்டியே. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, தயிரின் நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது, வெளிப்பக்கத்தால் அது ஆவியாகிப் போகும்போது முட்டியையும் குளிரவைக்கிறது. இதை நம்பச் சொல்லாதீர்கள், நிறுக்கச் சொல்லுங்கள். ஒரே அளவு தண்ணீரை ஒரு மண் முட்டியிலும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்திலும் ஊற்றி, இரண்டு வாயையும் பொலித்தீனால் இறுக்கக் கட்டி, கடையில் தராசு இரவல் வாங்கிக் காலையும் மாலையும் நிறுத்தால் எது குறைந்தது, எது குறையவில்லை என்று எண்ணோடு சொல்லலாம். வாய் கட்டியிருக்கிறதே, அப்படியானால் எதனூடாகப் போனது? என் சேலைக் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது, அந்த 7ஆம் வகுப்புக்கு நான் இதைச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

பாருங்கள் மகள், இதில் எது பௌதிகம், எது இரசாயனம், எது உயிரியல்? எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரு பிள்ளையும் பாடம் மாறியதாக உணரவில்லை. 1960இல் ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் சுருளான பாடத்திட்டம் என்று சொன்னதன் சாரமும் இதுதான், ஒரே விசயத்துக்கு வயது கூடக்கூடத் திரும்பத் திரும்ப வருவது, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் ஆழமாக. முன்பள்ளியில் கரண்டி நட்டுப் பார்த்த பிள்ளை எட்டாம் தரத்தில் பீஎச் என்று கேட்கும்போது அந்தக் கரண்டி கைக்கு ஞாபகம் வரும். உங்களைப்போல எல்லா வயதையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிற ரீச்சருக்கு இது பெரிய கொடுப்பினை, நகரத்துப் பெரிய பாடசாலையில் எட்டாம் தரத்தாள் முன்பள்ளிப் பிள்ளையைக் கண்ணாலும் காணமாட்டாள். பெரிய பிள்ளை ஒருவருக்குச் சின்னவர் இருவர் என்று சேர்த்துவிடுங்கள். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு சட்டம் போடுங்கள்: சின்னவருக்குப் பதில் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம்.

இனி, பதில் தெரியாமல் நிற்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்ட இடம் அதுதான். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், நம் ஊரின் அடையாளமே அது. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே வந்து இரவில் வள்ளத்தில் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார், வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் பலமாகக் கேட்டது என்கிறார். நம் மீனவர்கள் அவருக்குக் காட்டிக்கொடுத்தது மீனை இல்லை, ஊரி என்கிற ஓட்டு நத்தையை. மீனா, ஊரியா, வேறேதுமா என்று இன்றுவரை முடிவான பதில் இல்லை. இதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாத ஒன்று உங்கள் வாவிக்குள் இருக்கிறது என்று. பிறகு மேசையின் ஒரு முனையில் காதை வைத்து மறுமுனையை நகத்தால் சுரண்டச் செய்யுங்கள், மரத்தினூடாக எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சின்னதும் பெரியதும் ஒன்றாகவே வாயைப் பிளக்கும். வளியில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகிறது, நீரில் ஏறக்குறைய 1500. 'எனக்கும் தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?' என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளை உங்களை மதிப்பது குறையாது, நான் பார்த்தவரையில் கூடத்தான் செய்கிறது. கலைப் பட்டதாரி என்பதால் பயப்பட வேண்டாம். பதில் கைவசம் உள்ள விஞ்ஞானப் பட்டதாரிகள் பலர் கேள்வி முடியுமுன்னே பதிலைக் கொட்டிவிடுவதை எத்தனையோ வகுப்பின் பின்வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நோட்ஸ் விசயம். பெற்றோரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர்களுடைய பயம் நியாயமானது, புலமைப்பரிசிலும் தவணைப் பரீட்சையும் இருக்கத்தான் செய்கின்றன. முதலில் பிள்ளை எழுதட்டும்: சின்னவர் படம், நடு வயதினர் இரண்டு வசனம், பெரியவர் அட்டவணை. எல்லாம் முடிந்த பிறகு பத்து வரியில் நீங்கள் நோட்ஸ் கொடுங்கள். செய்து பார்த்தபின் வருகிற நோட்ஸ் வேறு, செய்யாமல் வருகிற நோட்ஸ் வேறு. ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்து, தயிர் முட்டி எந்தெந்த அலகைத் தொட்டது என்று ஒரு தாளில் குறித்து அதிபரிடம் கொடுத்துவையுங்கள். அமிலங்கள், நுண்ணங்கிகள், வெப்பம், நிலைமாற்றம் என்று வரிசையாக வரும், யாரும் குறை சொல்லமுடியாது. முடிந்தால் ஒரு சனிக்கிழமைக்குப் பால் காய்ச்சிக்காட்டச் சொல்லி ஒரு அம்மாவையே கூப்பிடுங்கள். அதன்பின் அவர் நோட்ஸ் கேட்பாரா என்று பாருங்கள்.

முட்டி முடிந்தபின் என்ன என்று யோசிக்கவே தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 10ஐ ஒட்டி, பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் நம் பக்கத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், முற்றத்தில் நட்ட தடியின் நிழல் காணாமல் போகும். முன்பள்ளிக்கு நிழல் பிடிக்கிற விளையாட்டு, எட்டாம் தரத்துக்கு அகலக்கோடு. கச்சான் காற்று ஏன் இப்படி வறட்டிக்கொண்டு வருகிறது என்று கேட்டால் மேற்கே மலைநாட்டில் பெய்கிற மழை வரைக்கும் போகலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி வீட்டில் அம்மம்மா, அம்மப்பாவிடம் கேட்டுவரச் சொல்லலாம். இரும்பால் செய்த பாதை மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு எப்படி மிதக்கிறது என்பது ஒரு முழு மாதத்துக்குப் போதும்.

கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பரிசோதனைக்கு வைத்த பாலையும் தயிரையும் யாரும் வாயில் வைக்கக்கூடாது, தின்பதற்கு வேறு முட்டி வாங்குங்கள். கொதிக்கிற பாலைப் பெரியவர்தான் தூக்க வேண்டும், சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. வாவிக்கரைக்குக் கூட்டிப்போனால் தண்ணீருக்குள் இறங்கவே விடாதீர்கள், முதலை இருக்கிற வாவி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சூரியனை நேரே பார்க்க வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். சிரட்டையில் நுளம்புக் குடம்பி வளர்த்துக் காட்ட யாராவது ஆசைப்பட்டால் வலையால் இறுக்கக் கட்டி, கூட்டுப்புழு ஆனதுமே ஊற்றிவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். வெள்ளி பின்னேரம் பாலைக் காய்ச்சி இரண்டு முட்டியில் ஊற்றி, ஒன்றில் உறை போட்டு, மற்றதைச் சும்மா மூடிவையுங்கள். சனி காலையில் ஒன்று தயிராகியிருக்கும், மற்றது அநேகமாகப் பாலாகவே இருக்கும், பிள்ளைகள் உறைதான் காரணம் என்று முடிவுகட்டுவார்கள். அந்த இரண்டாவது முட்டியைக் கொட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை திறந்தால் அதுவும் திரிந்து, புளித்தோ நாறியோ இருக்கும். யாரும் உறை போடாத பாலுக்குள் அது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டது எந்தத் தரத்துப் பிள்ளை, என்ன சொல்லில் கேட்டது என்று அப்படியே எனக்கு எழுதுங்கள், பதிலை இரண்டு பேருமாகச் சேர்ந்து யோசிப்போம்.